உள்ளே வருபவர்களுக்கு வழி சொல்பவள்

வழி சொல்லும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: எங்கே போக வேண்டும் என்று வருகிறவருக்கே தெரியாது, ஆனால் அவர் போய்ச் சேராவிட்டால் பழி எங்களுக்குத்தான். ஆஸ்பத்திரி விசாரணை மேசையிலோ, பிரதேச செயலக வாசலிலோ, தொலைபேசிக் கம்பனியின் முறைப்பாட்டுப் பகுதியிலோ இருந்து பழகியவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் நானும் ஒரே சாதி. ஒரே வித்தியாசம், என்னுடைய மேசை நிலத்தில் இல்லை.

கணினித் திரைக்குள் ஓர் உலகம் இருக்கிறது. உங்களுக்கென்று ஓர் உருவத்தைத் தெரிந்து, அதற்கு உடுப்புப் போட்டு, உள்ளே நடந்து திரியலாம், வீடு கட்டலாம், ஆட்களோடு கதைக்கலாம். பத்திரிகைக்காரர் அதை மெய்நிகர் உலகம் என்று எழுதுவார்கள். நாங்கள் ‘உள்ளே’ என்போம், மிச்சமெல்லாம் ‘வெளியே’. புதிதாக வருபவர்கள் முதலில் வந்து நிற்கிற முற்றத்தில், தமிழில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. உள்ளே நான் பச்சைச் சேலையோடு ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிற்பேன். வெளியே வன்னியில், வட்டக்கச்சி என்ற ஊரில், தகரக் கூரை போட்ட அறையில், பழைய மடிக்கணினிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். மழை இறங்கினால் குரலில் கதைக்க ஏலாது, எழுதித்தான் பதில்.

ஒரு கேள்விக்கு இரண்டு

என்னோடு அந்த முற்றத்தில் இதே வேலைக்கு நின்றவர் முகிலன். அது உள்ளே அவருக்கிருந்த பெயர். புளியங்குளத்துக்காரர், பகலில் மேசன் வேலைக்குப் போகிறவர் என்று மட்டும் சொல்லியிருந்தார். நாங்கள் நேரே கண்டதில்லை. உள்ளே அவருடைய உருவம் நல்ல உயரம், தோளில் நீலச் சால்வை.

ஒருநாள் வவுனியாவிலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் கொழும்புக்கு ரயில் ஓடாதாம், விமான நிலையத்துக்கு மகளைக் கூட்டிப்போக வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடிக்கப் போகிறாராம். உள்ளே ஒரு தேநீர்க் கடையில் யாரோ சொன்னார்களாம். முகிலன் வழமைபோலக் கேட்டார்: “யாரு சொன்னாங்க? அவங்களுக்கு எப்புடித் தெரியும்?” யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது இந்த இரண்டும்தான். எனக்கே சிலவேளை எரிச்சல் வரும்.

அந்த மனிதர் திரும்பிப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். சொன்னவர் மலேசியாவில் இருக்கிறவர். நின்றுபோனது, உள்ளே தீவுகளைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு ரயில், திருத்த வேலையாம். வவுனியா ரயிலுக்கு ஒன்றுமில்லை. மனிதருக்கு வெட்கம். அதை மறைக்கக் கொஞ்சம் கோபப்பட்டார்: “நான் ஒரு கேள்விதான் தம்பி கேட்டனான், நீங்கள் அதை ரெண்டாத் திருப்பித் தாறீங்கள்.”

அக்கராயனில் ஒரு வீடு

முற்றத்தில் எனக்குப் பழக்கமானவள், டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை சுபா. தமிழ் எழுத வராது, நன்றாகக் கதைப்பாள். தகப்பன் செத்த பிறகு அவருடைய கணினியைத் திறந்தபோதுதான், அவர் உள்ளே ஒரு காணி வைத்திருந்தது அவளுக்குத் தெரியவந்தது. குளக்கட்டு, வாய்க்கால், வயல், வயலின் தலைமாட்டில் ஓட்டு வீடு, படலையில் தகப்பனின் பெயர். மேலே ‘அக்கராயன்’ என்று தகப்பனுடைய ஊரின் பெயர் எழுதியிருந்தது. வேலை முடிந்து வந்தால் அவள் அங்கேதான். என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாள். ஊருக்கு வந்து, வெளியே இருக்கிற அந்தக் காணியைத் துப்புரவாக்கி ஒரு சின்ன வீடு போடப் போவதாகவும், விடுமுறைக்கு விமான ரிக்கெற் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். “அப்பா இவ்வளவு வடிவா எல்லாம் கட்டி வச்சிருக்கிறார் தானே” என்றாள்.

வட்டக்கச்சியிலிருந்து அக்கராயன் தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போனேன். குளம் சரி. வாய்க்கால் சரி. அவர் போட்ட வளைவில்தான் ஒழுங்கையும் திரும்பியது. ஆனால் அந்த வயலில் ஒரு மனிதர் மருந்தடித்துக்கொண்டு நின்றார். அரசாங்கக் குடியேற்றக் காலத்தில் அவருடைய தகப்பனுக்குக் கிடைத்த காணி அது. சுபாவின் தகப்பனை அவருக்கு நல்ல நினைவு. இரண்டு மூன்று போகம் குத்தகைக்கு விதைத்தவராம், பிறகு யுத்த இடப்பெயர்வோடு போனவராம். “வீடோ? இதிலை வீடு ஒண்டும் இருக்கேல்லையே, தங்கச்சி. வரம்பிலை ஒரு கொட்டில் போட்டுக் காவல் இருந்தவர்” என்றார்.

சுபாவுக்கு எப்படிச் சொல்வதென்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் அப்போது உள்ளே அந்த வீட்டுப் படலையடியில்தான் நின்றோம். அவளுடைய உருவம் அசையவில்லை. சத்தம் போய்விட்டதாக்கும் என்று நான் ஹெட்போன் கம்பியைக் கழற்றிப் பூட்டினேன். பிறகு குரல் வந்தது: “அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருடைய காணியிலை அக்கா நடந்து திரிஞ்சனான்?”

வெள்ளைக் கோட்டு

முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவர் மீன் பிடிக்க வருவார். உள்ளேதான். வெளியே அவருக்குச் சிறுநீரக வருத்தம், வெயிலில் திரிய ஏலாது. மகன் வாங்கிக் கொடுத்த போனில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார். ஒருநாள் முற்றத்துக்கு வந்து, “டொக்டர் இண்டைக்கு இருக்கிறாரோ பிள்ளை?” என்று கேட்டார். உள்ளே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. சில மாணவர்கள் நாடகம் போடக் கட்டியது. கட்டில், திரை, மருந்து அலுமாரி எல்லாம் அச்சொட்டாக இருக்கும். டொக்டராக நிற்கிற பெடியன் கணக்கியல் படிக்கிறவன்.

அது நடிப்பு ஐயா என்று சொன்னேன். தெரியும் என்றார். ஆனால் அந்த டொக்டர் சொன்ன மூலிகைக் கசாயத்தைக் குடித்துக்கொண்டு, கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசைகளைப் பாதியாகக் குறைத்திருந்தார். முகிலனிடம் ஓடினேன். அவர் அந்தப் பெடியனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். பெடியன் அழாக்குறையாக, “ஐயா, நான் டொக்டர் இல்லை, சும்மா வாயிலை வந்ததைச் சொன்னனான். குளிசையை விட்டுடாதேங்கோ” என்றான். ஐயா சிரித்தார். பெரிய டொக்டர்மார் தங்களைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கிளினிக்கில் விடியவே போய் வரிசையில் நின்றாலும் டொக்டர் இரண்டு வார்த்தைதான் கதைப்பாராம். இங்கே இவர் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கேட்கிறாராம். கிளினிக்குக்குப் போகச் சொல்லி, அவரைக் காணும்போதெல்லாம் கெஞ்சினேன். ஓம் ஓம் என்பார், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

பிறகு கொஞ்சக் காலம் ஆளைக் காணவில்லை. ஒரு பின்னேரம் அவருடைய உருவம், அதே கட்டம்போட்ட சாரத்தோடு, வந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. எழுதியது அவருடைய மனைவி. ஐயா காலமாகிவிட்டார், உள்ளே பதிந்த இந்தப் பெயரை எப்படி நிற்பாட்டுவது என்று கேட்டா. நான் வழியைச் சொன்னேன். போக முதல், குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல ஒன்று கேட்டா: “வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவர், கழுத்திலை குழாயும் கிடந்தது. பின்னை நாங்கள் வேறை எதைப் பிள்ளை பாக்கிறது?”

புளியங்குளத்தில் தேடியது

முகிலன் வராமல் விட்டார். முதலில் காய்ச்சலாக்கும் என்றிருந்தேன். பிறகு உள்ளே கதைகள் உலாவத் தொடங்கின. கலியாணம் முடித்துவிட்டாராம். வெளிநாடு போய்விட்டாராம். இந்த உலகத்தை நடத்துகிற கம்பனி வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டதாம். கம்பனிக்கு எழுதினேன், ஊழியரின் சொந்த விபரம் தர முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாள் முழுக்க ஊராருக்கு விபரம் தேடிக் கொடுக்கிற எனக்கு, பக்கத்தில் நின்றவரின் சொந்தப் பெயர் தெரியாது.

பஸ் ஏறிப் புளியங்குளம் போனேன். சந்திக் கடையில் முகிலன் என்று கேட்டேன். அப்படி ஒருவருமில்லை. போனில் அந்த உருவத்தைக் காட்டினேன், கடைக்காரர் சிரித்துவிட்டார். இந்த உயரத்தில் தங்கள் ஊரில் ஆளில்லையாம். வெட்கமாகப் போய்விட்டது. பாலைமரத்தடியில் நின்று, இவரைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும் என்று யோசித்தேன். பின்னேரங்களில், “பாண் வந்திருச்சு, இருங்க” என்று எழுதிவிட்டுப் பேக்கரிப் பாண் வாங்கப் போவார். அப்படியென்றால் பாண்காரருக்கு அவரைத் தெரிய வேண்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ வருமட்டும் நின்றேன். எந்த நேரமும் போனில் எழுதிக்கொண்டே வந்து பாண் வாங்குகிற, மேசன் வேலை செய்கிற ஒருவர் என்று கேட்டேன். பாண்காரர் பாட்டை நிற்பாட்டினார். “சிவாவைக் கேக்கிறியள் போலை” என்றார். அதற்குமேல் அவர் சொல்ல முதலே எனக்கு விளங்கிவிட்டது.

விடியக் கருக்கலில் வேலைக்குப் போகும்போது, கண்டி வீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதியதாம். பாண்காரர் வீட்டைக் காட்டிவிட்டுப் போனார். தகரப் படலை, பூசாத கல் வீடு. மாலை போட்ட படத்தில் இருந்தவர் கட்டையானவர், முன்பல் கொஞ்சம் மிதப்பு. அந்த முகத்தை நான் அன்றுதான் முதல்முதல் கண்டேன். தாயும் தங்கை கலாவும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம். அவர் போனில் சும்மா விளையாடுகிறார் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அதற்காகத் தாய் ஏசாத நாளில்லையாம். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரயிலுக்குப் பதறியவர், ஐயாவுக்காக அந்தப் பெடியனைத் தேடிப் பிடித்தது, எல்லாம். தாய் படத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “வீட்ல ஒரு கேள்வி கேட்டா வாயத் தொறக்க மாட்டாம்மா, அங்க ஊருக்கே பதில் சொல்லியிருக்கானா?”

செய்தி சொன்னது

உள்ளே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. முற்றத்தில் அன்றைக்கு ஆட்கள் அதிகம். அவரிடம் கேட்டுப் பழகியவர்கள் பலர் நின்றார்கள். முகிலன் விபத்தில் செத்துவிட்டார் என்று எழுதினேன். ஒருவர் அழுகிற முகம் போட்டார். ஒருவர், “போன கிழமை கனடா எண்டினம், இப்ப இதோ?” என்று எழுதினார். வந்த நாளிலிருந்து முகிலனிடம் எல்லாவற்றையும் படித்த திருகோணமலைப் பிள்ளை ஒருத்தி கிட்ட வந்து நின்றாள். அவள் என்னைச் சீண்டவில்லை. அவர் காட்டிக்கொடுத்ததை அப்படியே செய்தாள், அவ்வளவுதான்: “யாரு சொன்னாங்க அக்கா? அவங்களுக்கு எப்புடித் தெரியும்?”

புதிதாக வந்த அம்மா

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து கொஞ்ச நாளில் கலா எனக்குப் போன் எடுத்தாள். அம்மா அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாவாம். கலாவே பெயர் பதிந்து கொடுத்தாள். எதையும் மாற்றத் தெரியாததால், அம்மா முற்றத்தில் வந்து நின்றபோது முழங்கால் கிழிந்த காற்சட்டையும் செம்பட்டை முடியுமாக ஓர் இளம் பெண்ணாக இருந்தா. “இது நானாம்மா?” என்று கேட்டா. “கிட்டத்தட்ட” என்றேன். கலா பக்கத்திலிருந்து விரலைப் பிடித்து நடத்த, பூச்சாடிக்குள் ஒருதரம் ஏறி இறங்கி வந்து சேர்ந்தா.

“அவன் எங்கம்மா நிப்பான்?”

விளக்குக் கம்பத்துக்கு மற்றப் பக்கத்தைக் காட்டினேன். போய் நின்றா. போனுக்குள்ளால் அவர்கள் வீட்டுக் கோழிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு புது ஆள் வந்து இறங்கினான். அந்த இடத்தில் நிற்பவர் வழி சொல்பவர் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நேரே அம்மாவிடம் போய், கடற்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டான். நான் குறுக்கிட வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, தன் மகனுடைய இடத்தில் நின்றுகொண்டு, நிதானமாகச் சொன்னா: “எனக்குத் தெரியாதுப்பா, நானும் புதுசு. அந்தா நிக்கிது பாரு, அந்தப் புள்ளகிட்ட கேளு.”

வழி சொல்லும் மேசையில் இருக்கிற எங்கள் சாதியே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த முற்றத்தில் எவருக்கும் வாய் வந்ததில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.