ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்ட நாள்

சகோதரிகளே, இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். மூன்றாவது பிள்ளை தங்கியிருந்தபோது நாட்டில் பன்றிக்காய்ச்சல் வந்தது. 2009ஆம் வருடம், நோன்பு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தொண்டியில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் டிவியில் காட்டியது போதாதா? பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் பிழைக்க மாட்டாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என் கணவரைப் பெற்ற மாமி அன்றே என்னைக் கட்டிலில் ஏற்றிவிட்டார்.

"எறங்கப்படாது. போன ரெண்டும் நீ ஓடி ஆடித்தான் போச்சு" என்றார்.

அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது. எனக்கு வாய் நீளம். வேறு நேரமாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றோ, உண்மையிலேயே நான்தான் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன்.

துபாயிலிருந்து கணவர் பேசினார். "மச்சான், எனக்கு என்ன நோயா? காலெல்லாம் மரத்துப்போகுது" என்று அழுதேன். "உம்மா சொல்றதக் கேளு புள்ள. இந்தத் தடவையாச்சும் பத்திரமா பெத்துக் குடு" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடம் சொல்வது?

ஏழாம் மாதம் என்னை அழைத்துப்போக என்னைப் பெற்ற உம்மா வந்தார். பஸ்ஸில் வந்தவர் உள்ளே வரக் கூடாது என்று மாமி சொல்லிவிட்டார். உம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாரேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். கபர்க்குழிக்குள் இருந்து பார்ப்பதுபோல நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

குளிக்கவும் விடவில்லை. தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் அந்தக் காய்ச்சல்தான் என்பது மாமியின் கணக்கு. துபாய் சாக்ஸை எடுத்துக் காலில் மாட்டிவிட்டார், கழற்ற விடவில்லை. முகத்தையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். கழிப்பறைக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்வோம் அல்லவா, அதையும் தடுத்துவிட்டார். தண்ணீர் கிடைக்காதவர்களும் தண்ணீர் ஆகாத நோயாளிகளும் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ள மார்க்கத்தில் சலுகை உண்டு. அதற்குத் தயம்மும் என்று பெயர். ஒரு தட்டில் மண்ணைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார் மாமி. மண்ணைத் தடவிக்கொண்டு படுத்தபடியே தொழுதேன்.

நாளாக ஆகக் குழந்தையின் துடிப்பு மந்தமாகிவிட்டதுபோல் இருந்தது. இடது கால் கடுத்தது. "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடுக்கத்தான் செய்யும்" என்றார் மாமி. இதுவும் தங்காது என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். கையேந்தித் துஆக் கேட்டால் கண்ணீர்கூட வரவில்லை. ரப்பே, படைத்தவனே, நீயும் என்னைக் கைவிட்டுவிட்டாயா என்றுதான் கேட்டேன்.

ஒருநாள் பள்ளிவாசலில் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தட்டில் கை வைத்தேன். சட்டென்று ஒரு கேள்வி வந்தது. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது, எனக்கு ஒரு நோயும் இல்லை, மண்ணைத் தடவிக்கொண்டு கிடக்கிறேனே, இந்தத் துஆவை அவன் எப்படி ஏற்பான், எப்படிக் கபூலாகும்?

"மாமி, எனக்கு ஒளுச் செய்யத் தண்ணி வேணும்."

"ஏண்டி, சாகப் போறியா?"

"செத்தாலும் ஒளுவோட சாகுறேன். விடுங்க!"

சுவரைப் பிடித்து, நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மாமி திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். முகம் கழுவினேன், கை கழுவினேன். வலது சாக்ஸைக் கழற்றிக் காலைக் கழுவினேன், கணுக்கால் என் கைக்குள் அடங்கியது. இடது கால் சாக்ஸ் கழலவே இல்லை. இழுத்து உரித்தேன். தண்ணீர் ஊற்றித் தடவினால் என் கைக்கு அடங்காத ஒரு கால். கெண்டைக்கால்வரை வீங்கி, சிவந்து, கொதித்துக்கொண்டிருந்தது. மண்ணைத் தடவும் தயம்மும் முகத்தோடும் கையோடும் முடிந்துவிடும். காலை யாருமே தொடவில்லை. வயிறு மறைத்ததால் நானும் பார்க்கவில்லை.

"யா அல்லாஹ், இது என்ன கால்!" என்று அலறினார் மாமி. காய்ச்சல் பயமெல்லாம் எங்கே போனதோ, அவரே ஓடிப்போய்க் காரை அழைத்து வந்தார்.

ராமநாதபுரத்து லேடி டாக்டர் கோபத்தில் கத்தினார். "நல்லா இருக்கிறவள இப்படிப் படுக்கப் போட்டா ரத்தம் கட்டாம என்னம்மா செய்யும்? அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல." மாமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊசி மேல் ஊசி. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு, மெல்ல நடக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு அடிக்கும் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி நடந்தேன். நாள் வந்தது, மகள் பிறந்தாள். பிறந்து சற்று நேரம் அழவில்லை. அந்தச் சற்று நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அழுதாள். அல்ஹம்துலில்லாஹ்.

என் துஆவுக்கு ரப்பு என் காலைக் கொண்டே பதில் சொன்னான். அன்று நான் தண்ணீர் கேட்டிராவிட்டால் இதைச் சொல்ல நான் இல்லை. சகோதரிகளே, எவ்வளவு இருட்டாக இருந்தாலும் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்திருங்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெண்ணைப் பயத்தில் படுக்கப் போடாதீர்கள்.

இடது கால் இன்னும் சாயங்காலமானால் வீங்குகிறது. அஸருக்குப் பாங்கு சொன்னால் மாமி தானாகவே செம்பில் தண்ணீர் மொண்டு வருவார். குனிந்து என் இடது காலில் ஊற்றி, கணுக்காலைத் தன் கையால் பிடித்துப் பார்ப்பார். இவ்வளவு வாய் உள்ள நான் அப்போது காலை அவர் கைக்கு நீட்டிக்கொடுப்பேன்.