தியாகதுருகத்தில் திறந்த டப்பா

ஓவியக் கல்லூரியில் படித்த என் நண்பன், கல்வராயன் மலையில் விறகு சுமந்து செத்துப்போன தன் அம்மாவைச் சினிமா எடுக்கக் காகித உருவமாக வெட்டியிருந்தான். கள்ளக்குறிச்சியில் அவன் வாடகை அறையில் அந்தக் காகிதக் கால்களை நான் நூலளவு நகர்த்துவேன், அவன் ஒரு படம் எடுப்பான். அம்மா ஓர் அடி வைக்கப் பன்னிரண்டு படம் வேண்டும். கேமரா இரவல், ஃபிலிம் சுருள் ஒன்றே ஒன்று. படம் முடிந்ததும் காகித அம்மாவை மலையில் நிஜ அம்மாவைப் புதைத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வந்தான்.

சுருளைச் சென்னையில் கழுவ வேண்டும். அவன் காய்ச்சலில் கிடந்தான். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் பஸ்ஸும் ஓடவில்லை. நடந்து பழகியவன் என்பதால் சுருளை ஒரு டப்பாவில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

தியாகதுருகத்தில் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்:

"டப்பால இன்னாடா, முறுக்கா?"

"சினிமாங்க. அம்மா நடக்கும்."

"எங்க, நடக்கச் சொல்லு பாப்போம்!"

பெருமையோடு நானே திறந்து, சுருளை வெயிலில் இழுத்துக் காட்டினேன். வெறும் பழுப்பு நாடாதான் இருந்தது. கழுவினால் படம் வந்துவிடும் என்று நினைத்து மூடினேன். வெளிச்சம் பட்டு எல்லாம் அழிந்துவிட்டதென்று சென்னையில் கழுவியவர் சொன்னார்.

திரும்பி வந்து அவனிடம், "மறியல்ல புடுங்கித் தொறந்துட்டாங்கடா" என்றேன்.

"நீ இன்னாடா பண்ணுவ? உன்ன அடிச்சாங்களா?" என்று என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அன்றைக்கே அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன்.