மாமன் மடி

எங்கள் உப்பளம் பேட்டையில் ரஞ்சிதத்தைத் தெரியாதவர்கள்கூட அவளுடைய இரண்டு எருமைகளையும் தெரிந்து வைத்திருப்பார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாடி கமலா, கஷாயம் வெச்சியா?" என்று குரல் வரும். அதனால் நான் சொல்வது கேள்விப்பட்ட கதை அல்ல. பாதிக்கு நானே உடந்தை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். பால் மாதிரி பொங்கி, அடுப்பை நனைத்துவிட்டு அடங்கிவிடும். ரஞ்சிதத்தின் கோபம் உறை ஊற்றி வைத்த மாதிரி. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்து புளிக்கும். அவள் தம்பி பலராமனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் காரியத்தைச் செய்தான் என்றால், அவனுக்கு அப்போது ஏறியிருந்த திமிர் அப்படி.

ரஞ்சிதத்துக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் வயிறு திறக்கவில்லை. புருஷன் கன்னியப்பனுக்குப் பஞ்சாலையில் வேலை, அதிர்ந்து பேசாத மனுஷன். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம், ஆடி மாசத்தில், சித்தாள் வேலை பார்த்த ஒருத்தி பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையைத் தேடி ஒரு நாதியும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றப் போன ரஞ்சிதம் அந்தப் பெண் குழந்தையைத் தினமும் பார்த்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் பால் செம்பை அங்கேயே மறந்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னியப்பன் பிறப்பு இறப்பு பதிகிற மேரி ஆபீசுக்கு நாலு நடை நடந்து எழுத வேண்டியதையெல்லாம் எழுதி, தில்லையம்மாள் என்று பெயரும் பதிந்துவிட்டு வந்தான்.

தில்லை பத்தாம் மாசத்தில் நின்றாள். பதினோராம் மாசத்தில் ஓடினாள். நடுவில் அவள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. எருமைக்குத் தவிடு கரைத்து வைத்தால் அந்தத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வாள். பால் கறக்கிற நேரம் பழைய புடவையால் இடுப்பைச் சுற்றி முளைக்குச்சியில் கட்டிப்போட்டால், முளைக்குச்சியையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு என் அடுப்படியில் வந்து நிற்பாள். ஒரு நாள் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, அது முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துக் கைதட்டினாள். அன்றைக்குத் தெருவில் ஒரு வீட்டுக்கும் பால் இல்லை. ஆலைச் சங்கு ஊதினால் வாசலில் நின்று தானும் 'ஊ' என்று ஊதுவாள். சங்கு நின்ற பிறகும் இவள் நிறுத்த மாட்டாள். சட்டை போட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் அது சாணிக்கூடையில் கிடக்கும்.

கடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவளுக்கு நாலு பல் முளைத்திருந்தபோதே நாலும் என் மணிக்கட்டில் பதிந்திருக்கின்றன.

"ஏண்டி, உம் பொண்ணு மனுஷப் பொறப்பா, கீரிப்புள்ளையா?" என்று கத்தினேன்.

"உங் கைய அது வாய்கிட்ட யாரு கொண்டுபோவச் சொன்னது?" என்றாள் ரஞ்சிதம். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. பிள்ளை என்னைக் கடித்ததில் ஒருத்திக்கு இத்தனை பெருமையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அந்தப் பலராமன். தவளக்குப்பத்தில் இருந்தான். தாய் செத்தபோது அவனுக்கு மூன்று வயது, ரஞ்சிதத்துக்குப் பதினொன்று. இடுப்பிலேயே வைத்துச் சோறு ஊட்டி, மூக்கைச் சிந்தி, ஆளாக்கிவிட்டவள் அவள்தான். இன்றைக்கும் அவள் நிற்கும்போது இடது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். அந்த இடுப்பில் வளர்ந்த பிள்ளைதான் அவன், மறந்துவிடாதீர்கள்.

தில்லைக்கு இரண்டு வயது நிறைவதற்குள், பங்குனியில், மயிலம் மலையில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று தாய் வீடு ஊரறியச் சொல்வது அதில்தான். பெற்ற பிள்ளைக்கே அப்படி என்றால், எடுத்து வளர்க்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? ரஞ்சிதத்துக்கு ஒரு மாசமாக வேறு பேச்சே இல்லை. மாமன் மடிக்குப் பொருத்தமாகப் பச்சைப் பாவாடை தைக்கலாமா, சிவப்பா என்று என் உயிரை வாங்கினாள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. தணிகாசலம் பத்தர் ஊசியையும் தங்கக் கம்பியையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமன் வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார். பலராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது நின்றபடியே இருந்தான்.

"யாரு பெத்ததுன்னே தெரியாது. இதுக்கு நான் மாமனா? எம் மடி இன்னா சத்திரமா, வர்றது போறதெல்லாம் உக்கார?"

அறுபது பேர் இருப்பார்கள். படியேறிக்கொண்டிருந்த வேற்றூர் ஜனங்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அப்போது ஒரு பெரிய இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அநாதைப் பிள்ளைக்கு மாமன் என்று அவர்கள் காதில் விழுந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயம். பயந்தவன் வராமலே இருந்திருக்கலாம் அல்லவா? வந்தான். அக்கா சுட்ட இட்லி பத்தை உள்ளே தள்ளினான். இதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான், பாவி.

பத்தர் தயங்கி, "முறைக்காரங்க வேற யாராவது உக்காருங்கம்மா, நேரம் போவுது" என்றார். ரஞ்சிதத்துக்குத் தூரத்து முறையில் தம்பியாகிற ஒருவன் முன்னால்கூட வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கான். அவன் மடியிலதான் குத்துவேன். அது வரைக்கும் எம் பொண்ணு மூளிக் காதோடயே இருக்கட்டும்."

பத்து மாசம் இருந்தது அந்த மூளிக் காது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லை. பால் வாங்க வருகிறவள், தவிடு போட வருகிறவன், முன்பின் தெரியாதவள், எல்லாரும் குழந்தையின் காதைத் தடவிப் பார்த்து, "இன்னும் குத்தலியா? மாமன் இல்லியா?" என்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேரைத் தில்லையே கடித்து அனுப்பிவிடுவாள். மீதிப் பேருக்கு ரஞ்சிதம், "இருக்கான், இருக்கான்" என்று பதில் சொல்லுவாள். தினமும் குளிப்பாட்டிக் காதில் எண்ணெய் தடவும்போது, "எங்க குத்துவோம்? மாமன் மடியில. எங்க குத்துவோம்?" என்று கேட்டுக் கேட்டு, தில்லையும் "மாமா மதி, மாமா மதி" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சாணியக் கரைச்சி எடுத்துக்கினு போயி அவன் வாசல்ல ஊத்திட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். நிஜமாகவே கரைத்தும் வைத்திருந்தேன்.

"சாணிய வீணாக்காத. அவனே வருவான்."

"எப்பிடி வருவான்?"

"கல்யாணம் பண்ணிக்க மாட்டானா? தாலிக்கு மூணு முடிச்சு. மாப்பிள்ள போடறது ஒண்ணுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீதி இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போட வேண்டும். பலராமனுக்கு அக்கா, தங்கை எல்லாம் இவள் ஒருத்திதான்.

அடுத்த தை பிறந்ததும் வந்தான் துரை, வெற்றிலை பாக்குத் தட்டோடு. எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தான். ரஞ்சிதம் திக்கான எருமைப்பாலில் காபி போட்டுக் கொடுத்தாள். நானாக இருந்தால் அதில் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருப்பேன்.

"அக்கா, நீதான் முன்ன நின்னு நடத்தி வெக்கணும்."

"நடத்தி வெக்காம பின்ன?"

"அப்புறம்..." என்று இழுத்தான். "அந்தப் புள்ளய கமலாகிட்ட விட்டுட்டு வந்துடுக்கா. பொண்ணு வூட்டுக்காரங்க யாரு இன்னான்னு கேப்பாங்க. நல்லாருக்காது."

தில்லை அவன் கொண்டுவந்த தட்டிலிருந்து வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்து எருமைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் அதைப் பார்த்துக்கொண்டே, "சரிடா தம்பி, கமலாகிட்டயே விடறேன்" என்றாள்.

அவன் தலை மறைந்ததும் நான் சுவரைத் தாண்டாத குறையாக ஓடினேன். "உனக்கு ரோஷம் இருக்குதாடி? காபியக் குடுத்து, சரின்னும் சொல்றியே!"

"அவன் சொன்னபடிதான் செய்யப் போறேன். புள்ளய உங்கிட்டதான் விடுவேன். நீ தூக்கிக்கினு கல்யாணத்துக்கு வா. வரும்போது பத்தரையும் கூப்பிட்டுக்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கோபத்தின்மீது எனக்குப் பொறாமை வந்தது.

தவளக்குப்பத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெரிய பந்தல். ரஞ்சிதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆரத்தி எடுத்தாள், வந்தவர்களை வாயார வரவேற்றாள், தம்பி கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். நானும் பத்தரும் பிள்ளையோடு கடைசிப் பந்தக்கால் ஓரமாகப் பதுங்கி நின்றோம். தில்லையைச் சும்மா வைத்திருக்க ஒரு வெல்லக்கட்டி முழுசாகச் செலவாயிற்று. நாயனக்காரர் ஊத ஆரம்பித்ததும் இவளும் 'ஊ' என்று சேர்ந்துகொண்டாள். நல்லவேளை, மேளத்தில் அது அமுங்கிப் போனது. "எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று பத்தர் வேர்த்து வழிந்தார்.

ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் சொன்னார். பலராமன் மணப்பெண் செல்வாம்பாள் கழுத்தில் தாலியைக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டான். பெண்ணுக்குப் பின்னால் நின்ற ரஞ்சிதம் மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கினாளே தவிர முடிச்சுப் போடவில்லை. இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"போடுங்கம்மா" என்றார் ஐயர்.

"போடுக்கா" என்றான் பலராமன்.

"கமலா! புள்ளயக் கொண்டாடி!"

ஜனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவர் காலை மிதித்தேன், யார் காலோ தெரியாது, திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பிள்ளையையும் கண்டதும் பலராமன் முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா, இன்னா இது? இத்தினி பேரு எதிர்க்க..."

"மயிலத்துலயும் இத்தினி பேரு இருந்தாங்கடா. எம் பொண்ண மடியில வாங்கு. அப்புறம்தான் முடிச்சு."

முடிச்சு விழாமல் மேளத்தை நிறுத்தக் கூடாது. தவில்காரர் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். நாயனக்காரருக்குக் கண் பிதுங்கியது. அட்சதையை வைத்துக்கொண்டிருந்தவர்கள் எறிவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை ஓங்கியபடி நின்றார்கள். அந்தச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்ததால் பேச்செல்லாம் பந்தல் முழுக்கக் கேட்டது.

பெண்ணின் தகப்பனார் எழுந்து, "யாரும்மா அந்தக் கொழந்த?" என்றார். பலராமன் தரையைப் பார்த்தான்.

"எம் பொண்ணு. தாய் ஆஸ்பத்திரில செத்துப்போச்சு, நான் எடுத்து வளக்கறேன். இவன் மடியில வெச்சுக் காது குத்தணும். மாட்டேங்கறான். அதான்."

குனிந்திருந்த மணப்பெண் மெல்லத் தலையைத் திருப்பிப் பலராமனைப் பார்த்தாள்.

"வாங்கிக்குங்களேன்" என்றாள். "எனக்குக் கழுத்து வலிக்குது."

அவன் அத்தனை நாளாகப் பயந்து செத்த பெரிய இடம் சொன்னது அவ்வளவுதான். பலராமன் கையை நீட்டினான். வெல்லம் ஒழுகுகிற கையும் வாயுமாகத் தில்லையைத் தூக்கி அவன் சரிகை வேட்டியின்மீது உட்கார வைத்தேன். ரஞ்சிதம் இரண்டு முடிச்சையும் போட்டாள். எருமையைக் கட்டுகிறவள் போட்ட முடிச்சு, இந்த ஜென்மத்தில் அவிழாது. மேளம் நின்றது, அட்சதை விழுந்தது.

பலராமன் பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டப் பார்த்தான்.

"இன்னா அவசரம்? பத்தரே, வாங்க" என்றாள் ரஞ்சிதம்.

வந்த பிறகு பத்தர் தொழில்காரர் ஆகிவிட்டார். "மாமன், ரெண்டு கையாலயும் சேத்துப் புடிங்க. விட்டா காது கிழிஞ்சிடும்" என்றார். வலது காதில் ஊசி ஏறியது. தில்லை ஒரு விநாடி வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு மாமன் கட்டைவிரலை வாய்க்குள் இழுத்துக் கடித்தாள். இப்போது அவளுக்குப் பதினெட்டுப் பல்.

"ஐயோ அக்கா!"

"விடாதீங்க மாமா, விடாதீங்க!" என்று பத்தர் கத்தினார். பந்தலே சேர்ந்து, "மாமா, விடாதே!" என்று கத்தியது. அவன் விடவில்லை. கண்ணில் நீர் தளும்பப் பிடித்துக்கொண்டே இருந்தான். கம்பியை வளைத்து முடித்ததும் விரலைப் பிடுங்கிக்கொண்டான், ரத்தம் வேட்டியில் சொட்டியது.

"போதுமாக்கா? ஆத்திரம் தீந்துச்சா?" என்று எழப்போனான்.

ரஞ்சிதம் முந்தானையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள்.

"உக்காருடா. இன்னொரு காது இருக்கு."

பலராமன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். தில்லை விக்கி விக்கி, "மாமா மதி, மாமா மதி" என்று அழுதுகொண்டிருந்தாள். அவன் மறுபடி சப்பணமிட்டு உட்கார்ந்தான். பிள்ளையைத் திருப்பி மடியில் அணைத்து, கடிபடாத கட்டைவிரலை வேட்டியில் துடைத்து, தானாகவே அவள் வாய்க்குக் கொடுத்தான்.

"கடிச்சுக்கடா கண்ணு" என்றான். "மாமன்தானே, கடிச்சுக்க."

பந்தலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ரஞ்சிதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு காது இருந்திருக்கக் கூடாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.