தோட்டத்து எல்லையில் போட்ட சாட்டு

புத்தலப்பட்டு முனிரத்தினம் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். அதனால் என்ன குறைந்துபோனான்? பலமனேர் சந்தையில் தக்காளிக் கூடை சுமந்தவன், காதில் விழுந்த பாட்டை அப்படியே விரலில் இறக்குவான். சித்தூர் ஜில்லாவில் அவனுடைய கால் ஆர்மோனியம் ஏறாத நாடகக் கொட்டகை கிடையாது. குரு வைத்துப் படித்தவர்கள் ஊரிலேயே கிடக்க, இவன் கப்பலேறினான். ஐம்பத்தொன்பதாம் வருஷம், பினாங்குக்கு.

அழைத்தவன் பிரகாசம். சித்தூர் மிஷன் சபைக் குடும்பத்தான். பினாங்குக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. தோட்டத்து ஜனத்தில் பாதிக்குமேல் சித்தூர்ப் பக்கத்து வம்சம். அவர்களில் அறுபது பேரை வைத்து, ஏழு கன்னிமார் கதையைப் பெரிய பாட்டு நாடகமாகத் தோட்டத்திலேயே போடுவதாக ஏற்பாடு.

ஒத்திகையோ சந்தைக்கடை. ராஜா வேஷக்கார அப்பாவு கள்ளுக்கடைக்கு நழுவுவான். கன்னிமாரில் இருவர் டவுனுக்கு சினிமா பார்க்கப் போவார்கள். முனிரத்தினத்துக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை. கடைசியில் திருப்பதி வழக்கத்தைக் கையில் எடுத்தான். அங்கே கங்கம்மா ஜாத்திரைக்குத் தப்பட்டை அடித்துச் சாட்டிவிட்டால், திருவிழா முடிகிறவரை ஊரார் எவரும் எல்லை தாண்டக் கூடாது. அதே மாதிரி தோட்டத்து அம்மன் முன்னால் தப்பட்டை அடித்தான்.

"ஆட்டம் முடிஞ்சி மங்களம் பாடுற வரிக்கும், வேஷங்கட்றவன் எவனும் தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது. தாண்டுனா ஆத்தா பாத்துக்குவா!"

மறுநாளிலிருந்து அப்பாவுதான் ஒத்திகைக்கு முதல் ஆள். பார்த்தீர்களா, படிப்பு வேறு, புத்தி வேறு.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காற்றடித்துக் கொட்டகைக் கூரை பறந்தது. பிரகாசம் ஓடி அலைந்து, கடல் தாண்டிப் பினாங்கு டவுனில் ஒரு மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்பாவு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தொரையே கூப்ட்டாலும் வரமாட்டேன் வாத்தியாரே. நீதான சாட்டுன?"

"அடேய், நான் ஒத்திகைக்குத்தான்டா சாட்டுனேன்!"

"அத்த ஆத்தாகிட்ட சொல்லலியே."

அறுபது பேரும் அவன் பின்னால். பிரகாசத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அங்க நம்ம ஜில்லாவ ஆந்திராக்காரன் ஒரு பக்கம், மெட்ராஸ்காரன் ஒரு பக்கம் இஸ்துக்கினு கெடக்கறான். சத்தியவேடு எவனுக்குன்னு இன்னும் முடியல. அது போதாதுன்னு நீ இங்க வந்து ஒரு எல்லைய போட்டுக்கினியே அண்ணே!"

முனிரத்தினம் சிரிக்கவில்லை. ஆட்டம் நின்றுபோனால் எந்த முகத்தோடு சித்தூரில் இறங்குவான்? மரத்துக்கு மரம் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். நடந்த காலுக்கு வழி தெரிந்தது.

"மங்களம் பாடுனா சாட்டு தீந்துது இல்ல? காலைல ஆத்தா முன்னாடி முழு ஆட்டமும் ஆடிடுவோம். மங்களம் பாடிட்டு ஃபெர்ரி ஏறுவோம்."

அப்பாவு தலையாட்டினான். ஆனால் மூத்த கன்னியாக நடிக்கிற அம்சவேணிக்குத்தான் பாட்டுகளில் முக்கால்வாசி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், வெண்கலக் குரல். ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தை எந்தத் தொண்டை தாங்கும்? அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"காலைல கொரல மிச்சம் புடிம்மா. ஸ்ருதிய எறக்கிக்கலாம்."

"ஆத்தா எதிர்ல அர தொண்டையா? நீ வேணா காதுல பஞ்சு வெச்சிக்க வாத்தியாரே."

காலையில் ஐந்து கட்டையில் முழுசாகப் பாடினாள். கைக்குழந்தைக்காரிகளும் காவல்காரனும் வாய் பிளந்து கேட்டார்கள். முனிரத்தினமோ அவள் ஒவ்வொரு முறை உச்சிக்குப் போகும்போதும், ராத்திரிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டான். மங்களம் முடிந்ததும் லாரியில் முதலில் தாவியவன் அப்பாவு.

ஃபெர்ரியில் அம்சவேணி வெந்நீர் கேட்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. முனிரத்தினம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

"நீ நடந்தா கப்பல் சீக்கிரம் போவுமா? குந்து வாத்தியாரே" என்றான் அப்பாவு.

திரை ஏறியது. மண்டபம் நிறைய ஜனம். ஐந்து கட்டைக்குக் கீழே வாசிக்கிறவர்களைத் தாலாட்டுக்காரன் என்று ஏளனம் செய்தே பேர் வாங்கியவன் முனிரத்தினம். அவன் விரல்கள் தாமாகவே மூன்று கட்டைக்கு இறங்கின. அறுபது தலைகள் திரும்பின. அம்சவேணி ஒரு முறை முறைத்தாள். பிறகு பாட்டை எடுத்தாள். கரகரத்து, மண்ணில் கலப்பை இழுத்த மாதிரி ஒரு குரல், ஆனால் அறுந்துபோகவில்லை. பின்பாட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஸ்ருதிக்கு வந்து சேர்ந்தார்கள். கைதட்டல் எழுந்தது. அவன் ஜனத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டுக்குத் தாங்குமா, அதற்கு அடுத்ததற்குத் தாங்குமா என்று அவள் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மங்களமும் பாடியாயிற்று, திரையும் இறங்கிற்று. அவன் கால் மட்டும் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. அம்சவேணி வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"வுடு, வாத்தியாரே" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.