இருபதாவது கையெழுத்து

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பள்ளிவாசல் கட்டக்கூடாது என்று சர்க்காருக்கு ஒரு மகஜர் போயிற்று. முப்பதுகளின் நடுவில் நடந்தது. அந்த மகஜரில் ஒரு முழுப் பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது, முதல் ஃபாரம். கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் புலி என்று எனக்கே என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. மற்றவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில். சந்து இருந்தது காவேரிக்கு அந்தப் பக்கம், திருச்சியில். அங்கே யாரோ எதையோ கட்டினால் இங்கே எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். பெரியப்பாவின் வக்கீல் ஆபீஸ் அந்தச் சந்து முனையில் இருந்தது. தினமும் ஆற்றைத் தாண்டிப் போய்ச் சண்டையில் சேர்ந்துகொண்டு, சாயங்காலம் திரும்பி வருவார்.

சண்டை இதுதான். சந்தில் இருந்த முஸ்லிம்கள் ஒரு கீற்றுக் கொட்டகையில் தொழுதுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கொட்டகை கொள்ளாமல் பாதிப்பேர் தெருவில் பாய் விரித்து நிற்பார்கள். பக்கத்து மனையை வாங்கி, செங்கல் வைத்துப் பள்ளிவாசல் கட்ட அனுமதி கேட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள் அந்த வழியாகச் சுவாமி புறப்பாடு உண்டு. பள்ளிவாசல் வந்தால் மேளத்தை நிறுத்தச் சொல்வார்கள் என்று கிளப்பிவிட்டார் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. உடனே துண்டுப் பிரசுரம், பதில் பிரசுரம், கூட்டம், பதில் கூட்டம். சவரக்கடையில்கூட இரண்டு கட்சி. அரைகுறைச் சவரத்தோடு எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜவுளிக்கடைக்காரர் பெரியப்பாவிடம் வந்தார். பெரியப்பா மகஜர் எழுதுவதில் பெயர் பெற்றவர். கோர்ட்டில் ஜெயித்ததைவிட மகஜரில் ஜெயித்ததுதான் அதிகம் என்று அப்பா சொல்வார், பெரியப்பா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. அந்த மகஜரின் மூன்றாம் பாராவைப் பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து மூன்று தரம் உரக்கப் படித்தார். அவ்வளவு திருப்தி. சமையல் உள்ளிலிருந்து பெரியம்மா குரல் மட்டும் வந்தது.

"கோவில்ல துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி அமுது பண்றதைச் சேவிச்சுட்டு வந்து, அந்தக் கையாலேயே இதையும் எழுதறேளாக்கும்!"

துலுக்க நாச்சியார் என்பது பெருமாளைத் தேடி வந்த சுல்தான் மகள்; எங்கள் கோவிலில் அவளுக்கும் ஒரு சன்னிதி உண்டு. பெரியப்பா ஊஞ்சலை நிறுத்தினார். "அது வேற, இது வேற" என்றார். ஊஞ்சல் மறுபடி ஆடத் தொடங்கியது, கொஞ்சம் மெதுவாக.

குமாஸ்தாவுக்கு ஜுரம். அதனால் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கும் பெரியப்பாவின் பிள்ளைக்கும் வந்தது. அவன் எனக்கு அண்ணா, இரண்டாம் ஃபாரம், அந்த ஒரு வகுப்பு வித்தியாசத்தை ஒரு நாளும் மறக்க விடமாட்டான். ஆளுக்கு ஒரு தாள், முன்பக்கம் மகஜரின் நகல், பின்பக்கம் இருபது கோடு. யார் முதலில் நிரப்புகிறானோ அவனுக்குப் பெரியப்பாவின் பழைய ஃபவுண்டன் பேனா. மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. பேனாவின் மூடி தங்க நிறம் என்பது தெரியும், அது போதாதா?

பெரியப்பாவோடு திருச்சிக்குப் போய், ஆபீசைச் சுற்றி ஒரே மத்தியானத்தில் பத்தொன்பது வாங்கிவிட்டேன். வழியில் தாளின் மூலை கிழிந்தது. ஏழாவது கோட்டில் பெரிய மைச்சொட்டு விழுந்து பூசணிக்காய் மாதிரி பரவியது. இருபதாவதுக்கு ஆள் இல்லை. அண்ணா எதிர்ச் சாரியில் பதினெட்டு முடித்துவிட்டான் என்று தகவல் வந்தது. சந்தில் திறந்திருந்த கடை ஒன்றே ஒன்று: பைண்டர் ராவுத்தருடையது.

ராவுத்தரைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. பெரியப்பாவின் சட்டப் புத்தகங்களும், ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டுப் பாராயணப் புத்தகங்களும் அவர் கையால் அட்டை கண்டவை. முகத்தில் வெள்ளைத் தாடி, விரலில் எப்போதும் பசை. மைதாவும் மயில்துத்தமும் கலந்த அந்தப் பசை வாசனை கடைக்குப் பத்து கெஜம் முன்னாலேயே வந்து வரவேற்கும். பள்ளிவாசலுக்கு அனுமதி கேட்டவர்களில் முதல் பெயர் அவருடையது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மகஜர் அவரிடம் காட்டத் தக்கதல்ல என்ற அளவுக்கு மூளை இருந்தது. அதைவிட ஒரு படி மேலே போய், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றும் முடிவு கட்டியிருந்தேன். அவர் பேசுவது தமிழ். பையன்களைத் திட்டுவது அதைவிட நல்ல தமிழ். உதிரியாகக் கிழிந்து வரும் தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்தித் தைப்பதுதான் தொழில். இருந்தாலும் பாய்மார்கள் படிப்பது உருது மட்டும்தான் என்று எப்படியோ என் மண்டையில் ஏறியிருந்தது.

"வாங்க சின்ன சாமி. என்ன காகிதம்?"

"தெரு விளக்கு வேணும்னு முனிசிபாலிடிக்கு எழுதியிருக்கு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்."

ராவுத்தர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். எழுத்தின் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"தெரு விளக்கா?"

"ஆமாம்."

"எல்லாரும் போட்டுட்டாங்களா?"

"நீங்கதான் பாக்கி. இல்லேன்னா எனக்குப் பேனா கிடைக்காது" என்று மூக்கை உறிஞ்சினேன். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கட்டைப் பேனாவை வாங்கி, இருபதாவது கோட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. கிழிந்த மூலைக்கு ஒரு துண்டு மெல்லிய காகிதம் வெட்டி, பசை தடவி ஒட்டி, கட்டைவிரலால் நீவினார். "ஈரம் காயட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போங்க. சர்க்காருக்குப் போற காகிதம் கிழிசலா போகக்கூடாது." காயும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பு. பேனா அன்று சாயங்காலமே என் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. அண்ணா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து சப் கலெக்டர் துரை நேரே சந்துக்கு வந்து விசாரணை வைத்தார். வெள்ளைக்காரர், சின்ன வயது, தமிழ்ப் பரீட்சை தேறியவர். தேறிய விஷயம் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று தமிழிலேயே பேசினார். கொட்டகைக்கு முன்னால் மேஜை போட்டிருந்தது. ஒரு பக்கம் பெரியப்பாவும் ஜவுளிக்கடைக்காரரும், மறுபக்கம் ராவுத்தரும் அவர் ஆட்களும். நானும் அண்ணாவும் பெரியப்பாவின் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

தாசில்தார் கையெழுத்துகளை வாசித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். பள்ளிவாசல் மனுவை எடுத்துப் பார்த்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் துரையிடம் நகர்த்தினார்.

துரை ராவுத்தரைக் கூப்பிட்டார். "பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்று நீர் விண்ணப்பம் செய்திருக்கிறீர். கட்டலாகாது என்கிற விண்ணப்பத்திலும் உம்முடைய கையொப்பம் இருக்கிறது. உமக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறதா?"

சந்தே சிரித்தது. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "கள்ளக் கையெழுத்துங்க! நம்ம மகஜரைக் கெடுக்கணும்னே எவனோ நுழைச்சிருக்கான்!" என்று கத்தினார். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாலிபர், ராவுத்தருக்கு மருமகன் முறை, அவர் தோளைத் தொட்டார். "மாமு, யாரோ உங்களை ஏமாத்தி வாங்கியிருக்காங்க. சொல்லிடுங்க. இத்தோட இவங்க மகஜர் குப்பைக்குப் போயிடும்."

"அது உண்மை" என்றார் துரை. "மோசடியாக வாங்கப்பட்டிருந்தால் மகஜர் முழுவதும் தள்ளுபடி. வாங்கியவன்மேல் நடவடிக்கையும் உண்டு. வாங்கியவன் யார்?"

மேஜைமேல் கிடந்த தாளில் பூசணிக்காய் மைச்சொட்டு வண்டிவரைக்கும் தெரிந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். அப்புறம் மெல்லத் திரும்பி வண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணா என்னை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். எனக்கு ஜெயில், விலங்கு, கல் உடைப்பது எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ராவுத்தரும் திரும்பினார். நேரே என்னைப் பார்த்தார்.

"யாரும் ஏமாத்தலீங்க" என்றார். "நானே படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன்."

"மாமு!" என்றார் மருமகன். அந்தப் பக்கத்தில் பலர் எழுந்துவிட்டார்கள். ராவுத்தர் கையை அமர்த்திக் காட்டிவிட்டு, மகஜரின் மூன்றாம் பாராவை ஒப்பிக்க ஆரம்பித்தார். "மேற்படி சந்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஜனங்கள் தெருவிலேயே நின்று தொழுகிறபடியால், வண்டி வாகனங்களுக்கும் பெண்டு பிள்ளைகளின் நடமாட்டத்துக்கும் இடைஞ்சல் நேருவதை உத்தேசித்து, தெரு தெருவாகவே இருக்கும்படி கனம் துரையவர்கள் உத்தரவு செய்யவேண்டும்." ஒரு சொல் பிசகவில்லை. ஊஞ்சலில் பெரியப்பா படித்ததைவிட நன்றாக இருந்தது.

"இதுல என்னங்க தப்பு? தெருவுல நிக்கிறது எங்களுக்கும் சங்கடந்தான். வெயில்ல காலு பொரியுது, மழையில பாய் நனையுது, வண்டிக்காரன் ஏசுறான். தெரு தெருவா இருக்கணும்னா நாங்க உள்ள போகணும். உள்ள போக ஒரு இடம் வேணும். அதத்தான் கட்டுறோம்னு கேட்கிறோம். சாமி வர்ற அன்னிக்கு மேளம் எத்தனை மணிக்குன்னு முன்கூட்டிச் சொல்லியனுப்பினா, நாங்க எங்க நேரத்தைப் பார்த்து வச்சுக்கிறோம். அன்னிக்கு வழியில தண்ணி தெளிக்கிறதும் எங்க பையன்கதான், இப்பவும்."

"முதல் பாராவில் கட்டலாகாது என்று இருக்கிறதே?"

"அதுக்கு நான் கையெழுத்துப் போடலீங்க. மூணாவதுக்குத்தான் போட்டேன்."

துரை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார். "உம்முடைய மூன்றாம் பாராவுக்கு இவர் சொல்லும் பொருள் சரிதானா?"

ஜவுளிக்கடைக்காரர் பெரியப்பாவின் காதருகே குனிந்தார். "இல்லேன்னு சொல்லுங்க சாமி. ஒரு வார்த்தை. போதும்." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். எவ்வளவு நேரம் துடைத்தார்! வக்கீலாக இருந்த அத்தனை வருஷத்திலும் அவர் கட்சிக்காரருக்கு எதிராகப் பேசியதில்லை.

"சரிதான்" என்றார். "நான் எழுதினதுக்கு அதுதான் அர்த்தம். அதைவிட நன்னா எனக்கே சொல்லத் தெரியலை."

அனுமதி வந்துவிட்டது. பெரியப்பா தன் பாராவின் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். ஆனால் ஜவுளிக்கடைக்காரரின் வழக்குகளெல்லாம் வேறு வக்கீலிடம் போனபோது, கட்டுகளைப் பெரியப்பாவே எடுத்துக் கட்டிக் கொடுத்தார். என்னிடம் பேனாவை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

என் கவலை வேறு. ராவுத்தர் என்னைப் பார்த்தும் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். கண்ணில் வெயில் அடித்திருக்கும். மறுபடி கிட்டத்தில் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். ஆகவே அந்தச் சந்துப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானித்த மறு வாரம், பைண்டிங்குக்குக் கொடுத்த பாராயணப் புத்தகத்தை வாங்கிவரும்படி அப்பா என்னையே அனுப்பினார்.

பாலத்தைத் தாண்டும்போது யோசனை உதித்தது. எங்கள் ஊரில் ஆளை அடையாளம் காண்பது நெற்றியை வைத்துத்தான். மூக்கும் முழியும் அதற்கு அப்புறம். நெற்றியை மாற்றிவிட்டால் ஆளே மாறிவிடுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னிதிக்குப் போனேன். திருமண்ணை அழித்துவிட்டு, அங்கே கொடுத்த விபூதியை மூன்று பட்டையாகக் குழைத்து இட்டுக்கொண்டேன். எங்கள் வம்சத்திலேயே அந்தக் காரியம் செய்த முதல் ஆள் நான்தான். அப்பா பார்த்திருந்தால் கல் உடைப்பதே மேல் என்று தோன்றியிருக்கும்.

ராவுத்தர் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"வாங்க தம்பி. ஊருக்குப் புதுசா?"

"ஆமாம். கும்பகோணம்."

"அப்படியா. நல்ல ஊரு." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்ரீரங்கத்துல உங்க சாடையில ஒரு பையன் இருக்கான். இப்ப கொஞ்ச நாளா இந்தப் பக்கம் காணோம்."

"நான் பார்த்ததில்லை" என்றேன், குரலைத் தடிமனாக்கிக்கொண்டு.

"பார்த்தா, ராவுத்தர் வரச்சொன்னாருன்னு சொல்லுங்க. பயப்பட வேண்டாம்னும் சொல்லுங்க."

"பார்த்தால் கட்டாயம் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அப்பாவின் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தார். கும்பகோணத்துப் பையனுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அது என் மூளைக்கு எட்ட வெகு காலம் பிடித்தது. அப்போது போய்ச் சொல்வதற்கு அவர் இல்லை. அன்றைக்கோ, இந்த ஜில்லாவிலேயே என்னைப்போல் வேஷம் போடத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது என்ற நினைப்போடு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றியைக் கழுவக் காவேரியில் இறங்கினேன்.