வேலைக்காரி மூன்று தரம் சொன்ன கதை

வியாழக்கிழமைகளில் மவுண்ட் வெல்லிங்டன் மாதா கோவில் மண்டபத்தில் நாங்கள் வயதானவர்கள் கூடுவோம். முதலில் செபம், பிறகு தேத்தண்ணீர், பிறகு கொலை. முன்பு கொலை இருந்த இடத்தில் உடற்பயிற்சி இருந்தது. கொலை வந்த பிறகுதான் கூட்டம் கூடியது.

அதைக் கொண்டுவந்தவர் ரீச்சர். சென்னையில் படிப்பித்துவிட்டு மகளோடு இந்த நாட்டுக்கு வந்து இருப்பவர். லண்டனில் பழைய மகாராணி காலத்தில் நடந்து, இன்றுவரை யார் செய்தது என்று தெரியாத கொலை அது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் யாரோ கதைப்பதைத் தன் போனில் போட்டு, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

செத்தது வசதியான ஒரு கிழவி. புருசன் இல்லை. வீட்டில் அவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும்தான். ஒரு மாலை குசினியில் தலை உடைந்து கிடந்தார். வேலைக்காரி சொன்னது இவ்வளவுதான்: வாசல் மணி அடித்தது, அம்மா போய்த் திறந்தார், ஆம்பிளைச் சப்பாத்துச் சத்தம் கேட்டது, நான் மேல்மாடியில் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் தெரியாது. எதிர்ப்பக்கம் நின்ற பால்காரனோ அந்த வீட்டுக்குள் ஒருவரும் போகவில்லை என்றான். கிழவியின் தமக்கை மகனைப் பிடித்து வழக்கு வைத்து, பிறகு விட்டுவிட்டார்கள். பொலிசிடமும், மரண விசாரணையிலும், பெரிய கோட்டிலும் வேலைக்காரி அதே கதையை அதே சொற்களில் சொன்னாள்.

இதே நாட்களில் மங்கரேயில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மன்னார்ப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். ஈஸ்ட் டாமாக்கியில் பெட்டி அடுக்கும் வேலை. அவளுடைய அகதி கேஸை முதல் தரம் மறுத்துவிட்டார்கள். புருசனைப் பிடித்துக்கொண்டு போன மாலையில் வந்தவர்கள் மூன்று பேர் என்று ஒருக்கால் சொன்னாளாம், நாலு பேர் என்று ஒருக்கால் சொன்னாளாம். மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் திரும்ப முதலில் இருந்து கேட்பார்கள். அங்கேயும் இல்லை என்றால் அவள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எழுத்தில் நான் கெட்டிக்காரி இல்லை. இதைக்கூட ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். ஆனால் காதால் கேட்டதை மனதில் பிடிப்பதில் என்னை வெல்ல எங்கள் கோவில் பங்கில் ஆள் இருக்கவில்லை. செபம், பாட்டு, ஞானோபதேசம் எல்லாம் அப்படிப் படித்தவைதான். ஆகவே அவளுடைய வாக்குமூலத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நானும் பாடமாக்கி, அவளையும் பாடமாக்க வைத்தேன். தினமும் வேலையால் வந்ததும் ஒப்புவிப்பாள். ஒரு சொல் விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அவளுடைய லோயர், ஒரு இளம் பெண்பிள்ளை, பாடமாக்க வேண்டாம் என்று சொன்னாளாம். அந்தப் பிள்ளைக்கு வயது காணாது என்று நான் நினைத்தேன்.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது மண்டபத்தில் கொலை முற்றிப்போயிற்று.

"அந்த அக்கா பையன்தாங்க. சொத்து அவனுக்குத்தானே போகுது? வேற யாரு பண்ணுவா?" என்றார் ரீச்சர்.

"சொத்து வாறவன் எல்லாம் கொலை செய்யிறதெண்டால் யாழ்ப்பாணத்திலை ஒரு பெரியம்மாவும் மிஞ்சாது, ரீச்சர்," என்றார் கிளாக்கர் அண்ணை. ஊரில் கோட்டில் கிளாக்கராக இருந்தவர். இன்னும் கோட்டில் இருக்கிற மாதிரித்தான் கதைப்பார். "பால்காரன்தான் செய்தவன். ஒருத்தரும் போகேல்லை எண்டு அவன் ஏன் தானாச் சொல்லோணும்?"

"வேலைக்காரப் பெட்டைதான்," என்றேன் நான்.

"என்ன தங்கச்சி கதைக்கிறீர்? மூண்டு இடத்திலை கேட்டிருக்கினம். ஒரு சொல்லுப் பிசகேல்லை. அப்பிடிச் சாட்சி கிடைக்க நாங்கள் தவம் கிடக்கோணும்."

"பிசகாததுதான் அண்ணை எனக்குச் சந்தேகம். விசுவாசப் பிரமாணம் நானும் பிசகாமல்தான் சொல்லுவன். அதுக்காக ஆண்டவர் உயிர்த்துக் கல்லறை திறக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனானோ?"

மண்டபமே சிரித்தது. ரீச்சர் கை தட்டினார். "சூப்பர் அக்கா! நேர்ல பார்த்தவ தடுமாறுவா. தடுமாறாதவ மனப்பாடம் பண்ணினவ. ஆமா, இது பாயிண்ட்."

மகனின் காரில் வீடு வரும்வரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலை அவள் வேலையால் வந்து, குளித்து, குசினி மேசையில் எனக்கு முன்னால் இருந்து தொடங்கினாள்.

"சம்பவ தினத்தன்று மாலை வேளையில் நான்கு நபர்கள் எமது இல்லத்தினுள் பிரவேசித்தனர். அவ்வேளையில் நான் சமையலில் ஈடுபட்டிருந்தேன்..."

முதல் தரமாக ஒரு சொல்லும் பிசகவில்லை. இத்தனை நாளும் நான் காத்திருந்தது அதற்குத்தான். விசுவாசப் பிரமாணம் மாதிரியே கேட்டது.

"நிப்பாட்டு," என்றேன்.

"எங்கை அன்ரி பிழை?"

"பிழை இல்லை. சமைச்சதெண்டியே, அடுப்பிலை என்ன இருந்தது?"

"அது இதிலை இல்லையே."

"இதிலை இல்லாட்டில் அடுப்பிலையும் இல்லையோ?"

அவள் எங்கள் அடுப்பைப் பார்த்தாள். வெறும் அடுப்பு.

"ரொட்டி," என்றாள். "தேங்காய்ப்பூப் போட்ட ரொட்டி. ஒண்டு கல்லிலை கிடந்தது. அவரைக் கொண்டு போனாப்பிறகு நான் உள்ளுக்கை வந்து அதைத் திருப்பிப் போட்டனான், அன்ரி. வாசலுக்கு ஓடேல்லை. கத்தேல்லை. ரொட்டியைத் திருப்பினனான். ஏனெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"தெரியாதெண்டு சொல்லு. எத்தினை பேர் வந்தவங்கள்?"

"உள்ளுக்கை மூண்டு பேர். வாசலிலை இன்னொருத்தன் நிண்ட மாதிரி. முகம் தெரியேல்லை. கால்தான் தெரிஞ்சது."

"இதை ஏனடி முதலே சொல்லேல்லை?"

"எத்தினை பேர் எண்டுதான் கேட்டவை. காலை ஆளாக் கணக்கெடுக்கிறதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

அந்த வாக்குமூலக் கடதாசியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, இனி ஒப்புவிக்க வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள்தானே பாடமாக்கச் சொன்னனீங்கள்! நித்திரையிலையும் அதுதான் வருகுது. இனி மறக்கச் சொன்னால் நான் எங்கை போய் மறக்கிறது?"

"பிழை என்னிலைதான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "லோயர் பிள்ளைக்கு ரெலிபோன் எடுத்து ரொட்டியையும் காலையும் சொல்லு," என்றேன்.

படிப்பிப்பதைவிட மறக்கப்பண்ணுவது கடினம். "பிரவேசித்தனர்" என்று அவள் வாய் திறந்தபோதெல்லாம் நான் கரண்டியால் மேசையில் தட்டினேன். விசாரணைக்கு முதல் நாள்தான் "வந்தவங்கள்" என்ற சொல் தானாக வந்தது.

பட்டணத்துக்கு நானும் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே கதிரையில் இருந்து செபமாலை சொன்னேன், எத்தனை என்று எண்ணவில்லை. அவள் கண் வீங்கி வெளியே வந்தாள்.

"என்ன கேட்டவை?"

"ரொட்டி கருகினதோ எண்டு கேட்டவை."

"கருகினதோ?"

"ஞாபகம் இல்லையெண்டு சொன்னனான்."

"நல்லது," என்றேன். ஞாபகம் இல்லை என்று ஒருவர் சொல்ல நான் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

பிறகு காத்திருந்தோம். அவள் எங்கள் வீட்டு அடுப்பை இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். குளிர்காலம் முடியும் நேரத்தில் பதில் வந்தது. அவள் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வியாழன் லீவு போட்டுவிட்டு, ஒரு பெட்டி கேக்கோடு என்னுடன் மண்டபத்துக்கு வந்தாள். என் பக்கத்தில் கதிரை காலியாக இருந்தது. அவள் கிளாக்கர் அண்ணைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"வேலைக்காரிதான் கொலைகாரி எண்டு உம்மட அன்ரி சாதிக்கிறா. நீர் என்ன சொல்லுறீர், பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"அவள் செய்யேல்லை, ஐயா."

"ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னவள் எல்லோ," என்றேன் நான்.

"பயந்தவளும் பாடமாக்குவாள், அன்ரி. நான் பாடமாக்கினது என்ன, பொய்யோ?"

கிளாக்கர் அண்ணை தான் வென்றுவிட்ட மாதிரி மேசையில் அடித்தார். "ஐயோ, அப்போ யாருதான் கொன்னா?" என்றார் ரீச்சர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ரீச்சரிடம், வேலைக்காரி சொல்லுகிற இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னேன்.