களத்தில் வரைந்த பங்களா

என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய முகமல்ல, முதுகுதான். ஒரு தை மாதத்து முற்பகலில், சோளக் கதிரடித்துக் கூட்டிப் பெருக்கிய களத்தில், சுண்ணாம்புத் தூள் நிறைந்த கொட்டாங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, அவர் குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனார். சங்ககிரிப் பக்கத்தில் அவர் ஒரு மிட்டாதார், சின்ன ஜமீன்தார் மாதிரி. கலெக்டர் வந்தாலும் நிமிர்ந்தே நின்று பேசுகிறவர் என்று பெயர். அப்படிப்பட்டவர் அரைநாள் பொழுதும் நிமிராமல் மண்ணில் ஒரு வீடு வரைந்தார். வரப்பிலே நின்று என் கணவர் அளவு சொல்லச் சொல்ல, வெள்ளைக் கோடுகள் அறைகளாயின, தாழ்வாரமாயின. வாசல் வரவேண்டிய இடங்களில் மட்டும் கோட்டை நிறுத்தி இடைவெளி விட்டார்.

அது கள்ளிக்கோட்டைக் கடற்கரையில் இருந்த ஒரு பங்களா. என் கணவர் பட்டணத்துக் காலேஜில் படித்தபோது கூடப் படித்தவர் ஒரு மர வியாபாரியின் மகன். அவர்களுடைய பங்களாவைக் கோடைக்கு வாடகைக்குப் பேசி, என் கணவரே நேரில் போய்ப் பார்த்து, அறை அறையாக அளந்துகொண்டு வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கடலைப் பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் காவேரி. அதுவும் பள்ளிபாளையத்துக்குப் போகிறபோது பார்ப்பது. மகன் ஒருநாள் சாப்பிடும்போது, “ஒரு தடவை எல்லாரும் போய்ப் பாத்துட்டு வருலாமுங்கப்பா” என்று சொன்னார். மறுநாளே மாமனார், போவதென்றால் யாரார் போவது, எப்படிப் போவது என்று ஆரம்பித்துவிட்டார். அவர் சுபாவம் அது. நினைத்தால் முழுதாக நினைப்பார். நினைத்ததைத் தம் கையாலேயே செய்து பார்ப்பார்.

வரைந்து முடிந்ததும் குடும்பம் முழுவதையும் களத்துக்கு வரச் சொன்னார். மாமனாரின் தகப்பனாரை, நாங்களெல்லாம் அப்பாரு என்று கூப்பிடும் கிழவரை, கட்டிலோடு தூக்கி வந்து கிழக்கு அறைக்குள் இறக்கினார்கள். “கடலுன்னா நம்ம ஏரி மாதிரிதானப்பா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் எந்த அறை பெரியது என்று காலால் அளந்து பார்த்தார்கள். குழந்தைகள் கோட்டைத் தாண்டிக் குதித்தபோது, “செவுத்துல ஏறாதீங்கடா” என்று மாமனார் அதட்டினார். அவர் சிரிக்கவில்லை. மேற்கு மூலை அறையை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார். என் கணவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள் நின்று, அறுத்துப்போட்டிருந்த சோளத்தட்டுகளைக் காட்டினார். “அங்க பாரு, அதெல்லாம் தண்ணி. ஜன்னலத் தொறந்தா சூரியன் அதுக்குள்ள எறங்கறது தெரியும்.” நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

பங்குனியில் என் கணவருக்கு விஷக் காய்ச்சல் வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனோம். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் இறங்கியதும் அவரும் போய்விட்டார். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வார்த்தை இல்லை, இன்றைக்கும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. வந்த சனம் என் முகத்தையே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கி, “அழுதுரு அம்மிணி, அழுதுரு” என்றாள். அழ வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது, குளிரும்போது போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தெரிவதுபோல. ஆனால் குளிரே தெரியவில்லையே. வெள்ளைச் சேலை கொடுத்தார்கள், கட்டிக்கொண்டேன். சோறு போட்டார்கள், தின்றேன். குழந்தை அழுதால் எடுத்தேன். தேய்த்து வைத்த குடத்தையே திரும்ப எடுத்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் பார்த்துவிட்டு வாங்கி வைத்துவிடுவார்.

மாமனாரும் அழவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே கிணற்று வேலையைப் பார்க்கப் போனார். ஆள்களிடம் எப்போதும்போல் பேசினார், கணக்காகச் சாப்பிட்டார். ஊரில், “மிட்டாதாருக்குக் கல்லு மனசு” என்று சொன்னவர்கள் உண்டு. நானும் ஒரே கல்லில் வெட்டிய இன்னொரு துண்டுபோல அந்த வீட்டில் இருந்ததால், எனக்கு அது தவறாகப் படவில்லை. கடல் பார்க்கப் போகும் பயணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. களத்தில் இருந்த கோடுகளைக் கோடை மழை கரைத்துக்கொண்டு போயிற்று.

மறுவருஷம் தை வந்தது. கதிரடித்துக் களத்தைக் கூட்டியதும் அவர் சுண்ணாம்பும் கொட்டாங்கச்சியும் கேட்டார். அளவு சொல்ல ஆளில்லை. அவருக்கு ஆளும் தேவைப்படவில்லை. அத்தனையும் மனப்பாடமாக இருந்தது. கிழக்கு அறை, சமையற்கட்டு, தாழ்வாரம், மேற்கு மூலை அறை எல்லாம் போன வருஷம் இருந்த இடத்திலேயே வந்தன. நாங்கள் எல்லோரும் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியபோது மாமியார் ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு போனார். கோட்டை மிதிக்கவில்லை, தாண்டவும் இல்லை. சுற்றிக்கொண்டு போய், இடைவெளி விட்டிருந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அவர் கையில் செம்பைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஏற்பாடுகள் அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாதவை. ரயிலில் எங்களுக்கென்று ஒரு தனிப்பெட்டி. அங்கத்துப் பால் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாதென்று, ஒரு கறவை மாட்டையும் கன்றையும் ஆளோடு முன்கூட்டியே கூட்ஸ் வண்டியில் அனுப்பினார். பவானி ஜமுக்காளங்கள் புதிதாக வந்தன. சமையலுக்கு இரண்டு பேர், அப்பாருவைத் தூக்க இரண்டு பேர், கூடை கூடையாகச் சேலத்து மாம்பழம். பெண்களுக்கெல்லாம் பட்டு எடுத்தார். எனக்கு மட்டும் பட்டில்லை. நல்ல நைசான வெள்ளைச் சேலைகள் தனியாகக் கட்டி வந்தன. அந்தக் கட்டை அவர் தாமே என் கையில் கொடுத்தார். “நீ வாரயல்ல சாமி?” என்று கேட்டார். “வாரேனுங்க மாமா” என்றேன். வருவதும் வராமலிருப்பதும் எனக்கு அப்போது ஒன்றுதான்.

என் நாத்தனாரின் மாமனார் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். “ஏனுங்க மச்சான், சின்னஞ்சிறுசுக எல்லாம் சந்தோசமாப் பொறப்படற பயணம். அறுத்தவளையும் கூட்டிட்டுப் போறீங்களாமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மாமனார் குரலை உயர்த்தவில்லை. “அவளுக்குத்தானுங்க மொத ரூமு போட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க வர வேண்டாமுங்க” என்றார். வந்தவர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் பயணத்தன்று அவரும் பெட்டியோடு வந்து நின்றார்.

சங்ககிரி ஸ்டேஷனில் சாமான்கள் ஏறின. அப்பாருவைக் கட்டிலோடு ஏற்றினார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. மாமனார் மட்டும் பிளாட்பாரத்தில், தலைப்பாகையும் கோட்டுமாக, ஊர்ப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து, “ஏறுங்கய்யா, வண்டி எடுக்கணும்” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க. பெரியவன் வரோணும்.”

பெரியவன் என்பது என் கணவர். ஸ்டேஷன் மாஸ்டருக்கு விஷயம் தெரியும். அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. அவர் எங்களைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். ஒரு பெட்டி நிறைய ஆட்கள். ஒருவராலும் வாயைத் திறக்க முடியவில்லை. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அசையாததனால்தான் என்னால் எழுந்திருக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு இறங்கி அவர் அருகில் போய் நின்றேன். மாமனார் எதிரில் நின்று நானாகப் பேசியது அதுவே முதல்முறை.

“அவங்க முன்னாலயே போயிட்டாங்க மாமா. நீங்க ஏறுங்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வெள்ளைச் சேலையை, வெறும் நெற்றியை, வெறும் கழுத்தைப் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது.

“ஆமா சாமி” என்றார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே போயிட்டான்.”

பிறகு கைப்பிடியைப் பிடித்து ஏறினார். வண்டி நகர்ந்தது.

பங்களா அவர் வரைந்தது போலவே இருந்தது. ஒரு வாசல்கூட இடம் மாறவில்லை. எல்லோரையும் அவரவர் அறைக்கு அனுப்பிவிட்டு, மேற்கு மூலை அறையின் ஜன்னலைத் தாமே திறந்து வைத்தார். உள்ளே வரவில்லை. குழந்தைகள் காலையும் மாலையும் அலையிலேயே கிடந்தன. மாம்பழம் தின்றார்கள், மீன்படகு பார்த்தார்கள். பெண்கள் பட்டை நனைத்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். அப்பாருவை மணலில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்குக் கரை கட்டுனவன் ஆரு?” என்று கேட்டார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று ஒரு பாடத்தை ஒப்பிப்பதுபோல மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் மகள் குடும்பம் கோடைக்கு எங்கேயாவது கடற்கரைக்குப் போவதென்றால் எல்லாம் டெலிபோனிலேயே முடிந்துவிடுகிறது. கடல் பார்க்கிற அறை வேண்டுமா அம்மா என்று கேட்கிறாள். எந்த அறையானாலும் சரி என்கிறேன். அவர்கள் அரைமணி நேரத்தில் ஏற்பாடு செய்வதையும், மாமனார் இரண்டு தை மாதங்கள் குனிந்து குனிந்து செய்ததையும் நான் ஒப்பிடுவதில்லை. ஆனால் அவர்கள் கிளம்புகிற நேரத்தில், எல்லோரும் ஏறியாயிற்றா என்று யாராவது கேட்டால் மட்டும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அந்தப் பயணத்தில், ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம் மாமனார் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை. முழங்கால் வரைக்கும் வேட்டி நனைய நின்றார். நான் குழந்தையைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனவள், அவர் தனியாக நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி, அலை தொடும் இடத்தில் நின்றேன். அவர் திரும்பாமலே பேசினார்.

“இனி நீ என்ன பண்ணுலாம்னு இருக்கற சாமி?”

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு இருபது வயசு நிரம்பியிருக்கவில்லை. என்ன செய்யலாம் என்று ஒன்று எனக்கு இருக்கக்கூடும் என்பதே புதிதாக இருந்தது. உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

“தெரியலீங்க மாமா.”

ஒரு அலை வந்து எங்கள் கால்களைச் சுற்றிவிட்டுப் போனது. நாளைக்கு எந்த நேரத்தில் எந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் அந்த மனுஷர் சொன்னார்:

“எனக்குந் தெரியலை.”

சமையல்காரர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் போகவில்லை.